உயரத்துக்கு முன் ஆழம்

பலாங்கொடையிலோ யட்டியாந்தோட்டையிலோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் முதன்முதலாக அண்ணாந்து பார்க்கும் கட்டடம் கொழுந்து ஸ்டோர்தான். லயமும் கோயிலும் பிள்ளைக் காம்பராவும் நிலத்தோடு ஒட்டிக் கிடக்க, ஸ்டோர் மட்டும் மூன்று மாடி, நான்கு மாடி என்று நிமிர்ந்து நிற்கும். பழைய ஸ்டோர் ஒன்றின் மேல்மாடிக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பாருங்கள். தகரம். அதற்கு மேல் வரிசையாக ஜன்னல்கள். அந்தத் தகரமும் கண்ணாடியும் எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை. தாங்குவது உள்ளே நிற்கும் இரும்புத் தூண்களும் அவற்றைக் குறுக்கே இணைக்கும் உத்தரங்களும்தான். கொழுந்தை வாட்டுவதற்குக் காற்றோட்டம் வேண்டும். அதனால் வாட்டும் இடம் மேலே. வாடிய கொழுந்து தன் எடையாலேயே கீழே இறங்கி அரைக்கும் மெஷினுக்கு வந்துவிட வேண்டும். அதனால் ரோலர் கீழே. சுவர் பாரம் சுமக்க வேண்டியிருந்தால் அத்தனை ஜன்னல் வைத்திருக்க முடியாது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு பல ஸ்டோர்களின் சட்டகங்கள் பிரித்த துண்டுகளாகக் கப்பலில் வந்து, மலையேறி, போல்ட் போட்டுப் பூட்டப்பட்டவை.

வானளாவிய கட்டடங்களின் கதையும் இதே இரும்புச் சட்டகத்தில்தான் தொடங்குகிறது. 1885 இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வில்லியம் லே பரன் ஜென்னி என்ற பொறியியலாளர் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தை எழுப்பினார். பத்து மாடி, சுமார் 42 மீற்றர். எடையின் பெரும்பகுதியை உலோகச் சட்டகம் ஏற்றுக்கொண்டது. ஆறு ஆண்டுகள் கழித்து அதே நகரில் மொனட்னொக் என்ற 16 மாடிக் கட்டடத்தைப் பழைய முறைப்படி செங்கல் சுவரை நம்பிக் கட்டினார்கள். அதன் அடிச்சுவரின் தடிப்பு ஏறத்தாழ 1.8 மீற்றர். மாடி கூடக் கூட அடிச்சுவர் தடிக்கும். சுவர் தடிக்கத் தடிக்கத் தரைத்தளத்தில் மனிதருக்கு மிஞ்சும் இடம் சுருங்கும். செங்கல்லின் காலம் அங்கே முடிந்தது.

எடைக்கு வழி கிடைத்தாலும் காற்று விடவில்லை. உயரக் கட்டடத்தைப் பற்றி யோசிக்கும்போது அது தன் பாரத்தால் நொறுங்கி விழுந்துவிடுமோ என்றுதான் நாம் பயப்படுகிறோம். பொறியியலாளரை உறங்கவிடாமல் வைப்பது பக்கவாட்டு விசை. தரையில் ஊன்றிய ஒரு கம்பத்தின் மீது காற்று ஒரே சீராக அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பத்தின் தடிப்பை மாற்றாமல் உயரத்தை மட்டும் இரட்டித்தால், அடியில் அதை வளைத்து முறிக்கப் பார்க்கும் திருப்பம் நான்கு மடங்காகும். உச்சி அசையும் தூரமோ பதினாறு மடங்காகும். உண்மையில் மேலே போகப் போகக் காற்றின் வேகமும் கூடும் என்பதால் நிலைமை இதைவிட மோசம். சும்மா உயர்த்திக்கொண்டே போனால் இரும்புச் செலவே திட்டத்தை விழுங்கிவிடும்.

இந்த முட்டுக்கட்டையை உடைத்தவர் நம் பக்கத்து மண்ணைச் சேர்ந்தவர். ஃபஸ்லூர் ரஹ்மான் கான், 1929 இல் டாக்காவில் பிறந்தவர். சிக்காகோவில் வேலை செய்த அவர், தூண்களைக் கட்டடத்துக்குள் பரப்பி வைப்பதைவிட வெளிவிளிம்பில் நெருக்கமாக நிறுத்தி இறுக்கிப் பிணைத்தால் முழுக் கட்டடமும் ஒரே குழாயாக நின்று காற்றை எதிர்க்கும் என்று காட்டினார். அப்படி ஒன்பது குழாய்களைச் சேர்த்துக் கட்டியதுதான் சிக்காகோவின் சியர்ஸ் கோபுரம். 442 மீற்றர் உயரமான அந்தக் கட்டடம் 1970களின் நடுப்பகுதியிலிருந்து 1998 வரை உலகின் உச்சத்தில் இருந்தது. கட்டடக்கலை என்றால் முகப்பழகு என்று நினைப்பவர்கள் கானின் வரைபடங்களைப் பார்க்க வேண்டும். விசை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதையே அவர் அழகாக்கினார்.

காற்று தள்ளுவதோடு நிற்பதில்லை. கட்டடத்தின் இரு பக்கமும் சுழிகளை மாறி மாறி உதிர்த்துக்கொண்டு போகும். அந்தச் சுழிகளின் தாளமும் கட்டடம் இயல்பாக ஆடும் தாளமும் ஒன்றுபட்டுவிட்டால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். 2010 ஜனவரியில் திறக்கப்பட்ட டுபாயின் புர்ஜ் கலீஃபாவுக்கு (828 மீற்றர்) இதற்கான விடை அதன் வடிவத்திலேயே இருக்கிறது. மூன்று இறக்கைகள் நடுத்தண்டை ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துத் தாங்குகின்றன. உயரே போகப் போக இறக்கைகள் படிப்படியாக உள்வாங்குகின்றன. ஒவ்வொரு உயரத்திலும் அகலம் வேறுபடுவதால் சுழிகளின் தாளமும் வேறுபடுகிறது. கட்டடம் முழுவதையும் ஒரே தாளத்தில் ஆட்டக் காற்றுக்கு வழியில்லை.

அதே கட்டடத்தை வரைந்த ஏட்ரியன் ஸ்மித், பிறகு சவூதி அரேபியாவின் ஜித்தாவுக்காக அதைவிட உயரமான ஒன்றை வரைந்தார். ஒரு கிலோமீற்றரைத் தாண்டும் முதல் கட்டடமாக அது இருக்கப்போகிறது. 2013 இல் வேலை தொடங்கியது. அறுபதுக்கும் மேற்பட்ட மாடிகள் எழுந்த நிலையில் 2018 இல் நின்றது. ஏழு ஆண்டுகள் சும்மா நின்ற அந்த அடிமரத்தின் மேல் 2025 ஜனவரியில் மீண்டும் கொங்கிறீட் ஏறத் தொடங்கியிருக்கிறது. 2028 இல் முடிப்பது இலக்கு. இவ்வளவு உயரத்துக்கு லிப்ட்டை எப்படி இழுப்பது? உருக்குக் கயிறு சுமார் 500 மீற்றருக்கு மேல் தன் எடையையே சுமக்கத் திணறும். பின்லாந்தின் கோனே நிறுவனம் 2013 இல் அறிமுகப்படுத்திய கரிநார்க் கயிறு அந்த எல்லையை ஒரு கிலோமீற்றர் வரை தள்ளிவைத்தது. அந்தக் கயிறு இல்லையென்றால் பயணி நடுவழியில் இறங்கி வேறொரு லிப்ட்டுக்கு மாற வேண்டியிருக்கும்.

ஆனால் ஜித்தா கோபுரத்தின் முதல் கனவு ஒரு கிலோமீற்றர் அல்ல, ஒரு மைல். அதாவது சுமார் 1,600 மீற்றர். அதைக் குறைக்க வைத்த காரணங்களில் முக்கியமானது மண். செங்கடலோரத்து நிலத்தின் அடியில் இருப்பது துளைகள் நிறைந்த பவளச் சுண்ணாம்புப் பாறை. அது எவ்வளவு தாங்கும் என்று அளந்து பார்த்த பிறகுதான் உயரம் தீர்மானமானது. தரைக்கு மேல் ஒரு மாடிகூட எழும்புவதற்கு முன் 270 பைல்களைப் பூமிக்குள் இறக்கினார்கள். அவற்றில் சில, நூறு மீற்றரையும் கடந்து ஆழம் போயின. கொழும்பில் பைலிங் வேலைக்குப் போய்வந்த நம் இளைஞர்களுக்கு இது புதிதல்ல: பூமியைத் துளைத்து, கம்பிக்கூட்டை இறக்கி, கீழிருந்து மேலாகக் கொங்கிறீட்டை நிரப்பும் வேலை. அடியில் கற்பாறை இருந்தால் பைல் அதன் மேல் கால் ஊன்றும். பாறை இல்லாத அல்லது மென்பாறை உள்ள இடத்தில் பைலின் உடம்பு முழுவதையும் சுற்றியுள்ள மண் உராய்ந்து பிடித்துக்கொள்ளும். புர்ஜ் கலீஃபாவின் அடியிலுள்ள 190க்கும் மேற்பட்ட பைல்கள் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கின்றன. 3.7 மீற்றர் தடிப்புள்ள கொங்கிறீட் தட்டும் மென்பாறையின் உராய்வும் சேர்ந்து உலகின் மிக உயரமான கட்டடத்தைத் தாங்குகின்றன.

மண் சொன்னதைக் கேட்டு இடத்தையே மாற்றிய கதையும் உண்டு. கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களுக்கு முதலில் குறித்த இடத்தில் துளையிட்டுப் பார்த்தபோது, நிலத்தின் ஒரு பாதிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை மேலே இருந்தது. மறுபாதியில் அது செங்குத்தாகக் கீழே இறங்கிவிட்டது. அப்படியே கட்டியிருந்தால் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் மெல்ல அமிழ்ந்திருக்கும். கோபுரங்களை ஏறத்தாழ 60 மீற்றர் தள்ளி, முழுவதும் மென்மையான மண்ணின் மேலேயே வைத்தார்கள். சில பைல்கள் நூறு மீற்றரைத் தாண்டின. முழு அடித்தளமும் ஒரே சீராக இறங்குமானால் சிறிது இறங்குவதில் ஆபத்தில்லை. 1998 இல் 452 மீற்றர் உயரத்தோடு அவை உலகின் உச்சிக்கு வந்தன.

திட்டமிட்டதெல்லாம் எழுவதில்லை. டுபாயின் கிரீக் கோபுரத்துக்கு 2018 இல் அடித்தளம் முடிந்தது. 2020 இல் வேலை நின்றது. சீனாவின் தியென்ஜினில் 597 மீற்றர் கட்டடம் 2015 இல் உச்சியைத் தொட்டும் பத்து ஆண்டுகள் வெறுமையாக நின்றது. 2020, 2021 இல் சீன அரசு 500 மீற்றருக்கு மேலான புதிய கட்டடங்களைக் கட்டுப்படுத்திவிட்டது. இப்போது டுபாயில் 725 மீற்றர் என்று அறிவிக்கப்பட்ட புர்ஜ் அஸீஸி எழுந்துகொண்டிருக்கிறது. இவற்றின் நிறமும் கண்ணாடியும் எனக்கு முக்கியமில்லை. எந்தத் திட்டமாக இருந்தாலும் முதலில் என் கண் தேடுவது, அங்கே எத்தனை துளை போட்டு மண்ணைப் பார்த்தார்கள் என்பதைத்தான்.

கொழும்புக்கு வருவோம். அவிசாவளை வழியாக வரும் பஸ்ஸிலிருந்து தூரத்தில் தெரியும் தாமரைக் கோபுரம் சுமார் 350 மீற்றர். 2012 இல் தொடங்கி, 2019 செப்டெம்பரில் திறப்பு விழா கண்டு, 2022 செப்டெம்பரில்தான் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. பேரை வாவிக்கரையில் நிற்கும் அல்டேயர் 240 மீற்றர். மொஷே சஃப்டி வரைந்த அந்த இரட்டைக் கட்டடத்தில் 68 மாடிக் கோபுரம் சாய்ந்து, நிமிர்ந்து நிற்கும் 63 மாடிக் கோபுரத்தின் மேல் தோள் கொடுத்து நிற்கிறது. சாய்ந்த கட்டடத்தின் எடை நேர்கீழாக மட்டும் இறங்காது. ஒரு பகுதி பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலை நிமிர்ந்த கோபுரம் ஏற்றுக்கொண்டு தரைக்கு அனுப்புகிறது. கோட்டையில், பழைய டிரான்ஸ்வேர்க்ஸ் இல்லத்தின் அருகே, கிரிஷ் சதுக்கம் என்று தொடங்கிப் பெயர் மாறிய திட்டத்தின் கொங்கிறீட் எலும்புக்கூடும் நிற்கிறது. கடல் காற்று உப்பைக் கொண்டுவரும். உப்பு கொங்கிறீட்டுக்குள் ஊடுருவினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கொங்கிறீட்டை உள்ளிருந்தே வெடிக்கவைக்கும். பாதியில் நிற்கும் கட்டடம் அப்படியே உறைந்து நிற்பதில்லை. ஒவ்வொரு மழைக்காலமும் அதிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போகிறது.

கொழும்பின் மேல்மண்ணில் சதுப்பும் மென்களியும் அதிகம். அதற்குக் கீழே, நம் மலைகளில் வெளியே தெரியும் நைஸ் வகைப் பாறையே ஆழத்தில் கிடக்கிறது. அங்கே பைல்களை அந்தப் பாறைக்குள் குடைந்து பொருத்துவதுதான் வழக்கம். கடலை நிரப்பி உருவாக்கிய துறைமுக நகரின் 269 ஹெக்டேயரும் கடலடியிலிருந்து உறிஞ்சிக் கொட்டிய மணல். 2019 தொடக்கத்தில் நிரப்பி முடித்தார்கள். அந்த மணலை அதிரவைத்து இறுக்கிய பிறகே அதன் மேல் எதையும் கட்ட முடியும்.

நிலக்கீழ்த் தளங்களுக்காகக் கொழும்பில் ஆழமாகத் தோண்டும்போது இரண்டு எதிரிகள் உண்டு: உள்ளே சரியும் மண், ஊறிவரும் தண்ணீர். இரத்தினபுரிக்காரர்களுக்கு இந்த இரண்டையும் தலைமுறைகளாகத் தெரியும். பெல்மதுளைப் பக்கம் வயல்வெளியில் ஒரு மாணிக்கக் குழியை எட்டிப் பாருங்கள். செவ்வகமாக இறங்கும் குழியில் சில அடிகளுக்கு ஒருமுறை மரச்சட்டம். எதிரெதிர்ச் சுவர்கள் உள்ளே வராதபடி குறுக்கே உருண்டை மரங்கள். சட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையில் கெக்கில்ல என்ற பன்னத்தின் இலைகளைக் கொத்துக் கொத்தாகத் திணித்திருப்பார்கள். தண்ணீர் அந்த இலைகளுக்குள்ளால் கசிந்து வரும், மண் வராது. வந்த தண்ணீரைப் பம்பு இரவும் பகலும் வெளியேற்றும். இல்லம் எனப்படும் சரளைப் படையை எட்டும்வரை இந்த ஏற்பாடு நிற்க வேண்டும். தண்ணீரை விட்டு மண்ணைப் பிடித்துவைக்கும் வடிகட்டி, குறுக்குமுட்டு, இடைவிடாத நீரிறைப்பு. கொழும்பின் ஆழ்குழிகளில் உருக்கும் கொங்கிறீட்டும் கொண்டு செய்வதன் அடிப்படையும் இதுதான். மாணிக்கக் குழி வெட்டுபவரின் இந்த அறிவுக்கு நம் பாடநூல்களில் உரிய இடம் இல்லாதது எனக்கு வருத்தம்.

தண்ணீர் ஏன் இவ்வளவு முக்கியம்? இதற்கு விடை சொன்னவர் கார்ல் டெர்சாகி. இஸ்தான்புலில் ஆசிரியராக இருந்தபோது எளிய கருவிகளைக் கொண்டு களிமண்ணைச் சோதித்து, 1925 இல் வியன்னாவில் நூலாக வெளியிட்டார். மண்ணியக்கவியல் என்ற துறை அங்கே பிறந்தது. அவர் சொன்னது இது: மண் என்பது துகள்களும் இடையிலுள்ள இடைவெளிகளும். மேலேயுள்ள பாரத்தைத் துகள்கள் ஒன்றோடொன்று அழுந்தித் தாங்குகின்றன. அந்த அழுத்தமே உராய்வைத் தருகிறது. உராய்வே மண்ணின் பலம். இடைவெளியில் தண்ணீரின் அழுத்தம் ஏறினால், பாரத்தின் ஒரு பங்கைத் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது. துகள்களுக்கிடையிலான பிடி அந்த அளவுக்குத் தளர்கிறது. காற்றை உறிஞ்சி அடைத்த தேயிலைப் பையைக் கையில் எடுத்தால் செங்கல்லாக இறுகியிருக்கும். ஒரு மூலையைக் கத்தரித்ததும் அதே தூள் பொலபொலவென்று நெகிழ்ந்துவிடும். தூள் மாறவில்லை. துகள்களை அழுத்திய விசைதான் போய்விட்டது.

இந்த ஒரே விதி இரண்டு பக்கமும் வெட்டும். கொழும்பில் குழி தோண்டி நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால், நீரழுத்தம் குறைந்து துகள்கள் நெருங்கும்; அயல்வீட்டு நிலம் அமிழ்ந்து சுவர் வெடிக்கும். கேகாலை மலைச்சரிவில் நாட்கணக்கில் மழை பெய்தால், நீரழுத்தம் ஏறித் துகள்களின் பிடி விடும், சரிவு நகரும். லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்சுவர் பத்து இருபது ஆண்டுகள் அசையாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். வறண்ட மண்ணின் இடைவெளிகளில் மிஞ்சியிருக்கும் சிறிதளவு ஈரம் துகள்களை உள்ளிழுத்துப் பிடிக்கும். மண் முழுவதும் நனைந்ததும் அந்தப் பிடி இல்லாமல் போகும். இத்தனை வருடம் நின்றதே, இனி விழாது என்று நம்புவது அதனால்தான் ஆபத்தானது.

2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் இரண்டு இடங்களில் மலை இறங்கியது. அரநாயக்கவில் சாமசர மலைச்சரிவு கிராமங்களை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். அதே நாள் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் மண்ணுக்குள் போயின. முந்தைய சில நாட்களாக இடைவிடாத மழை. டெர்சாகியின் விதி அப்போது எழுதப்பட்டுத் தொண்ணூறு ஆண்டுகள் கடந்துவிட்டன.

நம் லயங்களில் பல அந்த விதி எழுதப்படுவதற்கு முன்பே கட்டப்பட்டவை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களை வரிசையாக அடுக்கிய அன்றைய தோட்ட நிர்வாகங்கள் எந்தச் சரிவிலும் துளையிட்டு மண்ணைப் பார்க்கவில்லை. பிறகு, மாடி வீடா தனி வீடா என்று மலையகத்தில் பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. தனி வீடு கேட்டவர்களின் பக்கம்தான் நான். சொந்தக் காணியில் சொந்தக் கூரை என்பது லயத்தின் வரலாற்றிலிருந்து வெளியேறுவது. ஆனால் அந்த விவாதத்தில் நாம் போதுமான சத்தத்தில் கேட்காத கேள்வி, வீடு நிற்கப்போகும் மண்ணைப் பற்றியது. 1984 முதல் இயங்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்திருக்கிறது. இரத்தினபுரியும் கேகாலையும் அதில் அடங்கும். ஒரு கோபுரத்தின் முதலீட்டாளர் மண் அறிக்கை இல்லாமல் ஒரு சதமும் போடமாட்டார். காணி கிடைக்கப்போகும் குடும்பமும் அதே அறிக்கையைத் தங்கள் மொழியில் கையில் வாங்கிப் படிக்க உரிமையுள்ளது. கேட்டு வாங்குங்கள்.

அறிக்கை வரும்வரை கண்ணால் பார்க்கக்கூடியவை உண்டு. சரிவின் மேல் பிறை வடிவில் புதிதாக வரும் வெடிப்பு. நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்தல். கதவு ஜன்னல் திடீரென்று இறுகுதல். தெளிந்து வந்த ஊற்று கலங்கி வருதல், அல்லது மழைக்குள் சட்டென்று வற்றிப்போதல். மேல்பக்கக் கான் அடைபட்டுத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குதல். கடைசியானதை மட்டும் மண்வெட்டியோடு போய் நாமே சரிசெய்யலாம். மற்றவற்றைக் கண்டால் கிராம அலுவலருக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் அன்றே சொல்ல வேண்டும்.

மழையை அளப்பது அதைவிட எளிது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை அளவுகள் இவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழித்திருக்க வேண்டும், 100 ஐத் தொட்டால் புறப்படத் தயாராக வேண்டும், 150 ஐத் தொட்டால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், வெளியேற வேண்டும். தோட்டங்களில் மழைமானி வைத்துத் தினமும் பதிவு செய்யும் வழக்கம் பழையது. அந்த எண்ணை மழைக்காலத்தில் ஒவ்வொரு லயத்துக்கும் அறிவிக்கச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்கலாம். இல்லாவிட்டால், நேர்ச்சுவரும் தட்டையான அடியும் உள்ள ஒரு டின்னை மரநிழலும் கூரைத் தூவானமும் படாத வெளியில் மட்டமாக வையுங்கள். அடிமட்டத்தை உள்ளே நிறுத்தினால் தண்ணீரின் ஆழம்தான் மழையின் அளவு. டின்னின் வாய் அகலமோ குறுகலோ, கணக்கு மாறாது. காலையில் கொட்டிவிட்டு மறுநாள் அதே நேரம் பாருங்கள். பெருமழை என்றால் மணிக்கொருமுறை பார்த்து எழுதிவையுங்கள். அடிமட்டத்தில் பதினைந்து சென்ரிமீற்றர் ஆனதும், அல்லது ஒரே மணி நேரத்தில் ஏழரை ஏறியதும், நடுநிசி என்றாலும், பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு சரிவை விட்டு வெளியேறிவிட வேண்டும்.